விடுதிக்குக் கிளம்பும் மகளுக்கு: ஜூன் மாதக் குறிப்புகள்

மே மாதக் கடைசியில் புதுக்கோட்டை கீழராஜ வீதியில் பக்கெட், பாய், தகரப் பெட்டி வாங்கும் அம்மாக்களை நிறையப் பார்க்கலாம். பொன்னமராவதி, கறம்பக்குடி, மணமேல்குடி, விராலிமலைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பெண்பிள்ளைகளை விடுதியில் சேர்க்கும் மாதம் ஜூன். சிலர் அரசு நலத்துறை விடுதிகளில் சேர்ப்பார்கள். 2025 ஜூலையில் இவற்றுக்கெல்லாம் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாற்றினார்கள். சிலர் பள்ளியோடு சேர்ந்த விடுதிகளில் விடுவார்கள்.

1886இல் இதே புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி, ஆண்பிள்ளைகள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் சேர்வதற்கே பெரிய எதிர்ப்பைச் சந்தித்தார். 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னாளில் சென்னையில் அவர் தொடங்கிய அவ்வை இல்லம், ஆதரவில்லாத பெண்பிள்ளைகளுக்குத் தங்குமிடமும் பள்ளியும் ஆனது. பெண் படிக்க வேண்டுமானால் அவள் பத்திரமாகத் தூங்கி எழ ஓர் இடம் வேண்டும் என்பதை அவர் நன்றாக அறிந்திருந்தார்.

விடுதியிலிருந்து பாதியில் திரும்பும் பிள்ளைகளில் பலர், பாடம் புரியாததால் திரும்புவதில்லை. தலைப்பேன், காயாத துணி, தொலைந்த சாவி, சொல்ல வெட்கப்பட்ட வயிற்றுவலி என்று சின்னச் சின்ன விஷயங்கள் சேர்ந்து பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றன. அதனால் இந்தக் குறிப்புகளில் படிப்பைவிடப் பக்கெட்டும் சீப்பும்தான் அதிகம் வரும்.

1. சான்றிதழ்களை மே மாதத்திலேயே தயார் செய்யுங்கள். ஆதார், சாதிச் சான்று, வருமானச் சான்று, மாற்றுச் சான்றிதழ், வங்கிப் பாஸ்புக் ஆகியவற்றில் மூன்று ஜெராக்ஸ் எடுத்து, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எட்டோடு ஒரே உறையில் போட்டு வையுங்கள். ஜூன் பிறந்துவிட்டால் இ-சேவை மையத்தில் கூட்டம் தாங்காது. ஆதாரிலும் பள்ளிப் பதிவிலும் பெயரும் இனிஷியலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். உதவித்தொகை வராமல் நிற்பதற்குப் பல நேரம் இந்த ஓரெழுத்து வித்தியாசமே காரணம். அசல் எதையும் பிள்ளையின் பெட்டியில் வைக்காதீர்கள்.

2. கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே அவள் துணியை அவளே துவைக்கட்டும். ஒரே ஒரு பக்கெட் தண்ணீரில் குளித்து முடிக்கவும் பழகட்டும். விடுதிக் குழாயடியில் காலை ஆறு மணிக்கு வரிசை நிற்கும். வீட்டில் மோட்டார் போட்டுக் குளித்த பிள்ளை அங்கே திணறிப்போவாள். தலை பின்னிக்கொள்வது, பட்டன் தைப்பது, படுக்கையைச் சுருட்டிக் கட்டுவது ஆகிய மூன்றையும் இந்த இரண்டு வாரத்தில் கற்றுக்கொண்டாலே போதும்.

3. பெட்டி தகரப் பெட்டியாக இருப்பது நல்லது. எலி கடிக்காது, மழையில் ஊறாது, ஏறி உட்காரலாம். பூட்டுக்கு இரண்டு சாவி வரும். ஒன்று பிள்ளையிடம் இருக்கட்டும். மற்றதை வீட்டுக்குக் கொண்டுவராமல் வார்டனிடம் கொடுத்துவிடுங்கள். சாவி தொலைந்த அன்று நாற்பது கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் சாவியால் ஒரு பயனும் இல்லை. பிள்ளையின் சாவியை நாடாவில் கோத்துக் கழுத்தில் போட்டுவிட்டால் நல்லது. துணிக்கு நடுவே காய்ந்த வேப்பிலை வையுங்கள். பூச்சி உருண்டை வேண்டாம். அதன் நெடி சீருடையில் ஏறினால் வகுப்பில் பிள்ளைக்குத் தலைவலி வரும்.

4. எல்லாத் துணியிலும் பெயர் எழுதுவதைவிட, ஒரே நிற நூலால் ஓரத்தில் ஒரு சின்ன அடையாளம் தைத்துவிடுங்கள். மை நாலு துவையலில் போய்விடும். கொடியில் கிடக்கும் முப்பது வெள்ளைத் தாவணியில் தன்னுடையதை அவள் தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பாள். பக்கெட், மக், தட்டு, டம்ளருக்கு மட்டும் கடையில் பெயர் வெட்டிக்கொள்ளலாம்.

5. சீருடையின் கீழ் மடிப்பில் மூன்று அங்குலம் விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். பதினொரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளை டிசம்பருக்குள் வளர்ந்து நிற்பாள். உள்பாவாடையில் சின்னதாக ஓர் உள்பையும் தைத்துவிட்டால் சில்லறையும் ஊக்கும் வைத்துக்கொள்ள உதவும். வெளிச்சட்டை இரண்டு குறைந்தாலும் பரவாயில்லை, உள்ளாடை மட்டும் குறைந்தது ஏழு இருக்கட்டும். மழை பெய்தால் எதுவும் காயாது.

6. மாவட்டத்தில் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கடினமானது. மணமேல்குடி, மீமிசல் பக்கம் உப்பும் சேர்ந்துவிடும். சுண்ணாம்புச் சத்து மிகுந்த தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்து, துணியில் சாம்பல் நிறமாகப் படியும். அங்கே சலவைக் கட்டியைவிடச் சலவைத் தூள் நன்றாக வேலை செய்யும். தலைக்குச் சீயக்காய் தேய்த்துக் குளிப்பது நல்லது. நுரை வராவிட்டாலும் அழுக்கெடுக்கும். கடைசியாக ஒரே ஒரு சொம்பு நல்ல தண்ணீரை ஊற்றி அலசினால் முடி சிக்காகாது.

7. கறைகளுக்கு: பேனா மை பட்டால் அடியில் பழந்துணி வைத்து, கைக்குப் பூசும் சானிடைசரை ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும், தேய்த்தால் பரவும். இரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீரும் உப்பும்தான், வெந்நீர் பட்டால் கறை உறைந்துவிடும். துருக்கறைக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் போடலாம். சாம்பார் சிந்திய இடத்தில் சோப்பு போட்டதும் மஞ்சள் சிவப்பாக மாறும். பிள்ளை பயந்து அழுவாள். அலசி நல்ல வெயிலில் காயப்போட்டால் மங்கிப் போகும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

8. தலைப்பேன். விடுதியில் பேன் வராமல் இருக்காது. அதற்காக யாரையும் திட்டாதீர்கள். பேன் பறக்காது, தாவாது. தலையும் தலையும் ஒட்டிப் படுக்கும்போதும், சீப்பை மாற்றிக்கொள்ளும்போதும்தான் ஏறும். நெருக்கமான பல்லுள்ள பேன் சீப்பு ஒன்று அவளுக்கென்றே இருக்கட்டும். ஈரத் தலையில் எண்ணெய் தடவி, மூன்று நாளுக்கு ஒருமுறை, இரண்டு வாரம் விடாமல் வாரினால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒருநாள் மருந்து போட்டுவிட்டு விட்டுவிடுவதில் பயன் இல்லை. ஈர் பொரிக்க ஏழிலிருந்து பத்து நாள் ஆகும் என்பதால் மருந்தை மறுபடியும் ஒருமுறை போட வேண்டும். மண்ணெண்ணெய் தடவும் பழக்கம் நம் ஊர்ப் பக்கம் இன்னும் இருக்கிறது. தீப்பற்றும், தோல் வெந்துவிடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பேனுக்குப் பயந்து பிள்ளையை அழவைத்து மொட்டையடிப்பதும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மதியம் நாலு பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து ஒருத்திக்கு ஒருத்தி பார்த்துவிடும் பழக்கத்தை வார்டன் உண்டாக்கினால், அந்த விடுதியில் பேனும் குறையும், புதுப் பிள்ளைகளுக்குத் தோழியும் கிடைப்பாள்.

9. விரலிடுக்கில் அரிப்பு, இரவில் அதிகம் என்றால் சிரங்காக இருக்கலாம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். அறையில் உள்ள எல்லோரும் ஒரே நாளில் மருந்து பூசிக்கொண்டால்தான் போகும். துண்டை யாரோடும் பகிர வேண்டாம்.

10. மாதவிடாய். ஆறாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கும் இதைச் சொல்லித்தான் அனுப்ப வேண்டும். ‘இன்னும் வரலியே, அப்புறம் சொல்லிக்கலாம்’ என்று விட்டால், அது விடுதிக் குளியலறையில் தனியாக நிற்கும்போது வந்துவிடும். ஒரு சின்னத் துணிப்பையில் நாலு நாப்கின், மாற்று உள்ளாடை இரண்டு, பழைய செய்தித்தாள், ஒரு கருநீலப் பாவாடை ஆகியவற்றை வைத்து, எது எதற்கென்று கையில் எடுத்துக் காட்டுங்கள். நாலிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். தாளில் சுற்றித் தொட்டியில் போட வேண்டும், கழிவறைக்குள் போடக் கூடாது. வளரிளம் பெண்களுக்கு அரசு இலவசமாகத் தரும் நாப்கின்களைக் கூச்சப்படாமல் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். துணி பயன்படுத்தினால் சோப்புப் போட்டு அலசி, நல்ல வெயிலில் காயவைக்க வேண்டும். பாவாடைக்கு அடியில் மறைத்து நிழலில் உலர்த்துவதால்தான் புண்ணும் அரிப்பும் வருகின்றன. தேதியை நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைக்கப் பழக்குங்கள். வலி பள்ளிக்கே போக முடியாத அளவுக்கு இருந்தால் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

11. சடங்கு பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பிள்ளை பெரியமனுஷி ஆன செய்தி வந்ததும் விடுதியிலிருந்து அழைத்துப்போய், குடிசை கட்டி உட்காரவைத்து, தாய்மாமன் சீர் வரும் நாள் பார்த்து, பத்திரிகை அடித்து முடிப்பதற்குள் ஒரு மாதப் பாடம் போய்விடும். காலாண்டுத் தேர்வும் போய்விடும். சிலர் வீட்டில் அதோடு படிப்பே நின்றுவிடுகிறது. அத்தை, மாமன், பாட்டி எல்லோருடைய ஆசையும் எனக்குப் புரிகிறது. விழாவை மே விடுமுறைக்கோ அரையாண்டு விடுமுறைக்கோ தள்ளிவையுங்கள். மாமன் சீர் எங்கும் போய்விடாது. மூன்று நாளில் பிள்ளை வகுப்பில் இருக்க வேண்டும்.

12. பத்து, பதினொரு வயதிலும் சில பிள்ளைகள் தூக்கத்தில் படுக்கையை நனைப்பார்கள். புது இடத்தில் இது கூடுதலாகும். மறைக்காமல் வார்டனிடம் மட்டும் தனியாகச் சொல்லி, கழிவறைக்குப் பக்கத்தில் படுக்கை கேளுங்கள். பாய்க்கு மேல் விரிக்க ரப்பர் ஷீட்டும் கூடுதலாக இரண்டு விரிப்பும் கொடுத்தனுப்புங்கள். மற்றப் பிள்ளைகளுக்குத் தெரிந்தால் கேலி செய்வார்கள். அந்தக் கேலிக்குப் பயந்தே ஓடிவந்துவிடும் பிள்ளை உண்டு.

13. பள்ளியில் வாரம் ஒரு நாள் தரும் இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்லுங்கள். அதோடு டீ குடித்தால் சத்து உடம்பில் சேராது. நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் நன்றாகச் சேரும். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம்.

14. தின்பண்டம். ஆலங்குடிப் பக்கத்து வேர்க்கடலை இருக்கும்போது கடையில் எதற்குப் பாக்கெட் வாங்க வேண்டும்? கடலை உருண்டை, எள்ளுருண்டை, பொரிவிளங்காய் உருண்டை இரண்டு மூன்று வாரம் தாங்கும். தேங்காய் சேர்த்தது எதுவும் வேண்டாம், ஜூன் வெயிலில் சிக்கு வாடை வந்துவிடும். பருப்புப் பொடி ஒரு டப்பா கட்டாயம். விடுதிச் சாம்பார் பிடிக்காத நாளில் சோறு இறங்கிவிடும். கீரமங்கலம், வடகாட்டுப் பக்கத்தில் ஜூனிலும் பலாப்பழம் கிடைக்கும் என்பதற்காகச் சுளையைப் பாத்திரத்தில் அடைத்துத் தராதீர்கள். மறுநாளே புளித்துப் போகும். வேகவைத்த பலாக்கொட்டை கொடுத்து, முதல் நாள் மாலையே எல்லோரோடும் பகிரச் சொல்லுங்கள். டப்பா இறுக மூடுவதாக இருக்கட்டும், எறும்பு விடாது.

15. தட்டும் டம்ளரும் எவர்சில்வர். தண்ணீர் பாட்டிலை வாரம் ஒருமுறை அரிசியும் உப்பும் போட்டுக் குலுக்கிக் கழுவ வேண்டும்.

16. கையில் காசு அதிகம் வேண்டாம். பத்து, இருபது ரூபாய் நோட்டாகக் கொஞ்சம் கொடுத்து, மீதியை வார்டனிடம் ஒப்படைத்து நோட்டில் எழுதி வாங்குங்கள். பத்து வயது முடிந்த பிள்ளை தன் பெயரிலேயே சேமிப்புக் கணக்கை இயக்க வங்கிகள் அனுமதிக்கின்றன. இரண்டு வருடம் வரவு செலவு எதுவும் இல்லாவிட்டால் கணக்கு முடங்கிவிடும். விடுமுறையில் அவளையே வங்கிக்கு அழைத்துப்போய் ஐம்பது ரூபாய் போடச் சொல்லுங்கள். சலான் நிரப்பவும் கற்றுக்கொள்வாள்.

17. முதல் மூன்று வாரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. விட்டுவிட்டு வரும்போது பொய் சொல்லி நழுவாதீர்கள். ‘கடைக்குப் போயிட்டு வர்றேன்’ என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிய அம்மாவைப் பிள்ளை நெடுநாள் மன்னிப்பதில்லை. எந்தக் கிழமை, எத்தனை மணிக்குப் போன் வரும் என்று சொல்லி, அந்த நேரத்தில் தவறாமல் பேசுங்கள். ‘சாப்பாடு நல்லா இருக்காத்தா?’ என்று கேட்டால் அழுகைதான் வரும். ‘இன்னைக்கு உன் பக்கத்துல யாரு உட்கார்ந்தா? அவ எந்த ஊரு?’ என்று கேளுங்கள், பேச்சு வளரும். வீட்டுச் சண்டை, கடன், பாட்டிக்கு உடம்பு முடியாதது எல்லாம் இரவுப் போனில் வேண்டாம். அழுதாள் என்று முதல் சனிக்கிழமையே ஓடிப்போய் அழைத்துவந்தால், அடுத்த வாரம் இன்னும் பெரிதாக அழுவாள். ஆனால் மூன்று வாரம் கடந்தும் சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் இருந்தால் அது வெறும் ஏக்கம் இல்லை. நேரில் போய் உட்கார்ந்து காரணம் கேளுங்கள்.

18. உங்களுக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த ஒரு வாக்கியத்தைப் பேசி வையுங்கள். ‘நம்ம செவலை கன்னு போட்டுருச்சா?’ என்று அவள் போனில் கேட்டால், பக்கத்தில் ஆள் இருக்கிறது, பேச முடியவில்லை, உடனே வா என்று பொருள். அந்தச் சொல் வந்தால் அன்றே போய்விட வேண்டும். ஏன் என்று போனில் கேட்கக் கூடாது. உடம்பில் யார் எங்கே தொட்டாலும், தொட்டவர் யாராக இருந்தாலும் சொல்லலாம் என்பதையும், சொன்னால் படிப்பை நிறுத்த மாட்டோம் என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். படிப்பு நின்றுவிடும் என்ற பயத்தில்தான் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்கிறார்கள். குழந்தைகள் உதவி எண் 1098. பள்ளிக்கல்வித் துறை உதவி எண் 14417. இரண்டையும் உங்கள் எண்ணோடு சேர்த்து மனப்பாடம் செய்யவையுங்கள். கல்யாணப் பேச்சு எடுத்தாலும் இதே 1098தான். 18 வயதுக்கு முன் திருமணம் சட்டப்படி குற்றம்.

19. விடுமுறை முடிந்து திங்கட்கிழமை காலைப் பேருந்தில் அனுப்பாதீர்கள். நிற்கவே இடம் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்வதற்குள் விடுதியில் இருக்கட்டும். அரசு சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை.

20. சைக்கிள் ஓட்டத் தெரியாவிட்டால் இந்த மே மாதத்திலேயே கற்றுக்கொடுங்கள். அரசு பதினோராம் வகுப்பில் சைக்கிள் தருகிறது. இந்த மாவட்டத்துக்கு அதில் ஒரு பெருமை உண்டு. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் தந்த ஊக்கத்தில் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள், குவாரித் தொழிலாளிகள் உட்பட, சைக்கிள் கற்றார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதி உலகமே அறிந்தது. உங்கள் ஊர்ப் பெரியம்மாக்களில் யாராவது ஒருவர் அன்று கற்றவராக இருப்பார். அவரையே பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்லலாம்.

21. பார்க்கப் போகும் நாளில் ஓட்டலில் பிரியாணி வாங்கித் தந்து பஸ் ஏறிவிடாதீர்கள். புதுக்கோட்டையில் படிக்கும் பிள்ளை என்றால் திருக்கோகர்ணம் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போங்கள், 1910இல் தொடங்கியது. இன்னொரு முறை சித்தன்னவாசல். படித்ததை அவள் உங்களுக்குச் சொல்லித் தரட்டும். எழுதப் படிக்கத் தெரியாத அம்மா என்றால் இதை இன்னும் கட்டாயமாகச் செய்யுங்கள்.

22. ஐப்பசி மழைக்கு முன் குடை, சின்ன டார்ச், கூடுதலாக ஒரு போர்வை கொண்டுபோய்க் கொடுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரமும் போனும் இல்லை. அப்படி ஒரு நிலை வந்தால் யார் வந்து அழைத்துப்போவார், அதுவரை எங்கே இருக்க வேண்டும் என்று வார்டனிடம் முன்பே பேசி, அழைத்துப்போகும் உறவினரின் போட்டோவையும் கொடுத்து வையுங்கள். மழைக்காலத்தில் செருப்பை உதறிவிட்டுப் போடப் பழக்குங்கள்; தேள் இருக்கும்.

23. நடுவில் பள்ளி மாற்றும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவம், பொறியியல் உள்ளிட்ட படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. 2022இல் வந்த புதுமைப்பெண் திட்டத்தில் கல்லூரிக் காலம் முழுவதும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் மட்டும் ஒரு வருடம் தனியார் பள்ளிக்குப் போய்விட்டு வந்தாலும் இந்த உரிமைகள் கைவிட்டுப் போகலாம். எட்டாம் வகுப்பில் இருந்தால் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வை எழுதச் சொல்லுங்கள். தேறினால் 9 முதல் 12 வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். விடுதியில் பத்துப் பிள்ளைகள் சேர்ந்து படிக்கும்போது இந்தத் தேர்வு அவ்வளவு கடினமில்லை.

24. கடைசியாக, உங்கள் பிள்ளையைச் சேர்த்த கையோடு தெருவையும் ஒருமுறை பாருங்கள். எட்டாவதோடு நின்று, ஆடு மேய்த்துக்கொண்டோ, தம்பியைப் பார்த்துக்கொண்டோ, பூக்கட்டிக்கொண்டோ ஒரு பெண் இருப்பாள். அரசு விடுதியில் சேர வீட்டுக்கும் பள்ளிக்கும் குறிப்பிட்ட தூரம் இருக்க வேண்டும் என்ற விதி பெண்பிள்ளைகளுக்குக் கிடையாது. தங்குவதற்கும் உணவுக்கும் கட்டணமும் இல்லை. இலங்கைத் தமிழர் முகாம்களில் உள்ள பிள்ளைகளுக்கும் இந்த விடுதிகளில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். விண்ணப்பம் வார்டனிடமே கிடைக்கும். அவள் அம்மாவையும் அழைத்துக்கொண்டு இந்த ஜூனிலேயே போய் வாருங்கள்.